குட்டையில் இருப்பது எந்தத் தேளி?

குடியாத்தம் பக்கம் குட்டை வெட்டி, கெளுத்தி வகை மீனான தேளியை வளர்க்க நினைத்து, "நாட்டுத் தேளிதான்" என்ற வியாபாரியின் பேச்சை நம்பிக் குஞ்சு வாங்கி விடுகிறீர்கள். ஆறே மாதத்தில் மீன் ஒரு கிலோவை நெருங்கினால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். நாட்டுத் தேளி அப்படி வளராது. ஆப்பிரிக்கத் தேளிதான் வளரும். அதை வளர்க்க மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடை விதித்துவிட்டது. பிடிபட்டால் மீன்களை அழித்துவிடுவார்கள்.

தடைக்குக் காரணம் அதன் வாய். மீன், தவளை, புழு, கோழிக் கழிவு என எதையும் விடாது. வெளிக்காற்றையும் சுவாசிப்பதால் தண்ணீர் குறைந்த சேற்றிலும் உயிர் பிடித்துக் கிடக்கும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைப் பார்த்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை: குட்டைக் கரை உடைந்தால் அது ஏரிக்குப் போய்விடும். நம் தேளியோ ஏற்கெனவே அழியும் ஆபத்தில் உள்ள இனம்.

வளர்ந்த மீனை மண்டையில் பிரித்தறியலாம். தலை ஓட்டின் பின்விளிம்பைத் தடவிப் பாருங்கள்; நாட்டு மீனில் வளைவாக இருக்கும், ஆப்பிரிக்க மீனில் கோணமாக முனை தட்டும். குஞ்சில் இந்த வித்தை பலிக்காது. துண்டு போட்ட மீனில் தடவிப் பார்க்கத் தலையே இருக்காது.

அங்கேதான் மரபணு பரிசோதனை உதவுகிறது. துடுப்பில் நகக்கண் அளவு நறுக்கி, ஆல்கஹால் ஊற்றிய சிறு குப்பியில் போட்டால் போதும். மீன் சாக வேண்டியதில்லை. ஆய்வகத்தில், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பில் உள்ள ஒரு மரபணுவின் சுமார் 650 எழுத்துகளைப் படித்து, இனம் தெரிந்த மீன்களின் பதிவுகளோடு ஒப்பிடுவார்கள். மீன் மரபணுவுக்கென்றே லக்னோவில் தேசிய நிறுவனம் ஒன்று இருக்கிறது.

ஒரு ஓட்டையும் உண்டு. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாக மட்டுமே வரும். நாட்டுப் பெண் தேளியோடு ஆப்பிரிக்க ஆணைச் சேர்த்த கலப்பினக் குஞ்சு, இந்தச் சோதனையில் அசல் நாட்டுத் தேளியாகவே தேறிவிடும். கலப்பினம் என்று சந்தேகம் வந்தால், தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு மரபணுவையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

சமைக்க மீன் வாங்குபவருக்கும் சட்டம் கைகொடுக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006-இன் 40-ஆவது பிரிவின்படி, எவரும் கட்டணம் செலுத்தித் தாம் வாங்கிய உணவை உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். ஆனால் சோதிக்கப் போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பலர் கோட்டைவிடுவது இதில்தான். விதிமீறல் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கேட்டது ஒன்று, கொடுத்தது வேறொன்று என்றால் 50-ஆவது பிரிவில் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. கூடைக்காரர் போன்ற சிறு வியாபாரிகளுக்கு உச்சவரம்பு 25,000 ரூபாய். விண்ணப்பத்தில் "மீனின் இனம் அறிய வேண்டும்" என்று தெளிவாக எழுதுங்கள். இல்லையெனில் மீன் கெட்டதா, மருந்து கலந்ததா என்பதோடு அறிக்கை முடிந்துவிடலாம்.