தே தாரிக் ஆற்றும் எலும்பு

செந்தூலில் இருந்து ஐந்தாம் படிவ மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “வட்டத்தின் ஆரமும் ரேடியஸ், முன்கை எலும்பும் ரேடியஸ். ஏன் சார்?”

இலத்தீனில் ரேடியஸ் என்றால் கோல். சக்கரத்தின் ஆரக்கால், ஒளிக்கதிர், தறியில் குறுக்கே நூலைக் கொண்டுபோகும் நெசவாளியின் தறிநாடா எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். ரேடியோவும் ரேடியமும் கதிர் வழியில் வந்தவை. கணக்குப் பாட ரேடியஸ் ஆரக்கால் வழியில் வந்தது. எலும்புக்கும் ஆரக்கால்தான் காரணம் என்று பலர் சொல்வதுண்டு. ஆனால் முதலாம் நூற்றாண்டில் மருத்துவ நூல் எழுதிய ரோமானியர் செல்சஸ், ரேடியஸ் என்று எழுதிய கையோடு, கிரேக்கர்கள் இதைக் கெர்கிஸ் என்பார்கள் என்கிறார். கெர்கிஸ் என்றால் தறிநாடா. என் ஓட்டு தறிக்குத்தான்.

பெயர் கிடக்கட்டும், வேலையைப் பாருங்கள். முன்கையில் சுண்டுவிரல் பக்கம் அல்னா, கட்டைவிரல் பக்கம் ரேடியஸ். மாமாக் கடையில் தே தாரிக், அதாவது நுரை பொங்க ஆற்றும் பால் தேநீர், ஆற்றுபவர் குவளையைச் சாய்க்கும்போது, அல்னா கிட்டத்தட்ட அப்படியே நிற்க, ரேடியஸ் அதன் குறுக்கே புரள்கிறது. மேல்முனை வில்லை போல வட்டமானது. ஒரு தசைநார் வளையத்துக்குள் நின்ற இடத்திலேயே சுழலும். கீழ்முனைதான் மணிக்கட்டையும் கூட்டிக்கொண்டு அல்னாவைச் சுற்றி வரும். முழங்கையின் வெளிப்பக்க முண்டுக்குச் சற்றுக் கீழே விரலை வைத்து, உள்ளங்கையை மேலும் கீழும் திருப்பிப் பாருங்கள். உள்ளே ஒன்று உருளும். அதுதான் ரேடியஸின் தலை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். பைசெப்ஸ் தசை கையை மடக்க மட்டும் என்றுதான் ஜிம்முக்குப் போகிறவர்கள்கூட நினைக்கிறார்கள். அதன் நாண் ரேடியஸின் உட்பக்க மேட்டில் ஒட்டியிருக்கிறது. உள்ளங்கையைக் கவிழ்த்தால் எலும்பு திரும்பி, நாணும் பம்பரக் கயிறு மாதிரி அதன்மேல் சுற்றிக்கொள்ளும். தசை சுருங்கினால் கயிறு பிரியும், எலும்பு சுழலும், உள்ளங்கை நிமிரும். முழங்கையை மடக்கி வைத்து வலக்கையால் ஸ்குரூவை முடுக்குங்கள்; மேல்கையில் பைசெப்ஸ் புடைப்பது தெரியும்.

ரேடியஸின் தலையைப் பிடித்திருக்கும் அந்தத் தசைநார் வளையத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால், ரேடியஸின் தலை அதிலிருந்து நழுவலாம். பிள்ளை கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அழும். உடனே திருஷ்டி என்று மிளகாய் சுற்றுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. எனக்கு எரிச்சல்தான் வரும். கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். எலும்பு முறிவு இல்லையென்றால், டாக்டர் முன்கையைத் திருப்பி முழங்கையை மடக்குவார், ‘டக்’ என்று உட்காரும். பெரும்பாலும் சிறிது நேரத்தில் பிள்ளை அதே கையை நீட்டி பிஸ்கட் கேட்கும்.