ஸ்டெப்னி என்கிற சேமச் சக்கரம்

பஞ்சர் கடையில் போய் “மாற்றுச் சக்கரத்துக்குக் காற்றுப் பிடியுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். கடைப் பையன் ஒரு நொடி விழித்துவிட்டு, “ஸ்டெப்னியா சார்?” என்பான். லாரி ஓட்டுநர் முதல் ஆட்டோக்காரர் வரை எல்லோர் வாயிலும் புழங்கும் சொல் அது. சரி, ஆங்கிலச் சொல்தானே என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் இன்றைய இங்கிலாந்துக்காரர் பலருக்கு இது புரியாது. அவர்களுக்கு அது ஸ்பேர் வீல்.

ஸ்டெப்னி ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டின் தென்கரையில் லனெல்லி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஸ்டெப்னி தெருவில் தொழில் நடத்திய டேவிஸ் சகோதரர்களில் ஒருவரான தாமஸ் மோரிஸ் டேவிஸ், 1904இல் இந்தச் சக்கரத்தை உருவாக்கினார். (லண்டனிலும் ஸ்டெப்னி என்றொரு பகுதி உண்டு. நம் சொல் அங்கிருந்து வந்ததல்ல.) அன்றைய கார்களில் சக்கரத்தைச் சட்டென்று கழற்ற முடியாது. கூடுதல் சக்கரமும் கிடையாது. லாடமும் ஆணியும் உதிர்ந்து கிடந்த குதிரை வண்டிப் பாதைகளில் டயர் அடிக்கடி பஞ்சராகும். பஞ்சரான இடத்திலேயே உட்கார்ந்து டயரைப் பிரித்து ஒட்ட வேண்டும், மழையானாலும் இருட்டானாலும்.

டேவிஸ் செய்தது எளிமையான வேலை. ஆரக்கால் இல்லாத வெறும் வளையம், அதன்மேல் முன்கூட்டியே காற்று நிரப்பிய டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமலே, அதன் விளிம்போடு ஒட்டி இந்த வளையத்தைக் கவ்விகளால் இறுக்கிவிடலாம். அப்படியே வீடுவரை ஓட்டிக்கொண்டு போகலாம். பிறகு, கழற்றி மாட்டக்கூடிய முழுச் சக்கரங்கள் வந்ததும் பொருள் வழக்கொழிந்தது. பெயர் மட்டும் வெளியூர்களில் தங்கிவிட்டது. இந்தியாவில் ஸ்டெப்னி, மால்டாவிலும் அதே பெயர், பிரேசிலில் எஸ்டெப்பே. நம்மூரில் கேலிப் பேச்சில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. அதை இங்கே விரிக்க வேண்டாம்.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? ‘உதிரிச் சக்கரம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். ஓடும்போதே உதிர்ந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ‘மாற்றுச் சக்கரம்’ பரவாயில்லை. ஆனால் கம்பெனி கொடுத்த இரும்பு ரிம்மைக் கழற்றிவிட்டுக் கடையில் வாங்கி மாட்டுகிறோமே, அந்த அலாய் வீலுக்குத்தான் அந்தப் பெயர் இன்னும் பொருத்தம்.

நல்ல சொல் புறநானூற்றிலேயே இருக்கிறது. 102ஆம் பாட்டில் ஔவையார் உப்பு வணிகரின் வண்டியைக் காட்டுகிறார். எருதுகள் இளையவை, நுகத்தடி பழகாதவை. வண்டியிலோ பாரம் அதிகம். பள்ளத்தில் இறங்கும்போதோ மேட்டில் ஏறும்போதோ என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் உமணர்கள் வண்டியின் கீழ்மரத்தில் இன்னோர் அச்சைக் கட்டிவைத்திருக்கிறார்கள். ‘கீழ்மரத்து யாத்த சேமஅச்சு’. அதியமானின் மகன் பொகுட்டெழினிக்கு அதுதான் உவமை. சேமம் என்றால் பாதுகாப்பு, ஆபத்துக்கு உதவ வைத்திருப்பது. வடமொழி க்ஷேமத்திலிருந்து வந்தது என்பார்கள். சேமநிதி, சேமிப்பு என்று நமக்கு நன்றாகப் பழகிய சொல்தான். அடுத்த முறை சாலையில் லாரிக்குப் பின்னால் போகும்போது குனிந்து பாருங்கள். ஸ்டெப்னி இன்றும் பல லாரிகளில் கீழேதான் கட்டித் தொங்குகிறது. ஆகவே என் ஓட்டு ‘சேமச் சக்கர’த்துக்கு.

அலாய் மாட்டுகிறவர்கள் நான்கு சக்கரத்தோடு கணக்கை முடித்துவிட்டு இந்த ஐந்தாவதை மறந்துவிடுகிறார்கள். 14 அங்குல ரிம்மில் 165/80 டயர் (அகலம் 165 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 80 சதவீதம்) ஓடிய காருக்கு 15 அங்குலத்தில் 185/65 போட்டால், மொத்த விட்டம் இரண்டு மில்லிமீட்டர்தான் கூடும். பழைய ஸ்டெப்னி அப்படியே பொருந்தும். ஆனால் அகலம் குறைவு, பிடிப்பும் வேறு. அதனால் பஞ்சர் கடைவரை நிதானமாகத்தான் போக வேண்டும். அதே 15 அங்குலத்தில் பார்வைக்குக் கம்பீரமாக இருக்கட்டும் என்று 205/65 மாட்டினால் விட்டம் 28 மில்லிமீட்டர் கூடிவிடும். அப்போது ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், ஸ்டெப்னி மாட்டிய பக்கம் கார் தாழ்ந்து நிற்கும். சில கார்களில் நட்டுக்குப் பதில் போல்ட் இருக்கும். தடித்த அலாய்க்கு வாங்கிய நீள போல்ட்டை மெல்லிய இரும்பு ரிம்மில் முடுக்கினால், முனை உள்ளே போய்ப் பிரேக்கில் இடிக்கலாம். பழைய போல்ட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஓடாத டயருக்கும் வயதாகும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஸ்டெப்னி டயரின் மேல்வரிகள் தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும் ரப்பர் வெடித்திருக்கலாம். காற்றும் தானாக இறங்கும். மற்ற நான்கிற்கும் பிடிக்கும்போது இதற்கும் சேர்த்துப் பிடித்துவிடுவது நல்லது. 2020இல் வந்த விதித் திருத்தத்தின்படி, டியூப்லெஸ் டயரும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் கிட்டும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. நம்மூர்ப் பள்ளங்களில் டயரின் பக்கவாட்டே கிழிந்தால் அந்தக் கிட் என்ன செய்யும்?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அலாய் மாட்டிய கடையில் திருட்டுப் பயத்துக்காகச் சக்கரத்துக்கு ஒரு லாக் நட் போட்டுக் கொடுத்தார்கள். அதற்குத் தனிச் சாவி. இரண்டு மாதம் கழித்து திண்டிவனம் தாண்டி ராத்திரி பதினொரு மணிக்குப் பஞ்சர். ஸ்டெப்னியில் காற்று இருந்தது. ஜாக்கி இருந்தது. மூன்று நட்டும் கழன்றன. நான்காவதைக் கழற்றும் சாவி கடைக்காரரின் மேசை டிராயரில் இருந்தது. இப்போது அது ஸ்டெப்னிக் குழிக்குள், பழைய துணியில் சுற்றி, ஜாக்கியோடு கிடக்கிறது.