கீறல் விழுந்தும் பிசகாத பாட்டு

வாசகர் ஒருவர் அனுப்பியுள்ள கேள்வி இது. டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ ஆல்பம் அவரிடம் இரண்டு வடிவங்களில் இருக்கிறதாம். ஒன்று பழைய கறுப்பு இசைத்தட்டு, மற்றொன்று குறுந்தகடு. இசைத்தட்டில் நகம் பட்டது போன்ற ஒரு கீறல்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக்’ என்கிறது. குறுந்தகட்டின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சிலந்தி வலை போலக் கீறல்கள். பாட்டில் ஒரு குறையும் கேட்கவில்லை. “லேசர் கீறலுக்கு மேல் தாவிப் போய்விடுகிறதா?” என்று கேட்கிறார்.

தாவிப் போவதில்லை. கீறல் பட்ட இடத்திலிருந்த தகவல் உண்மையிலேயே தொலைந்துபோகிறது. தொலைந்ததைக் கருவி கணக்குப் போட்டு மீட்டெடுக்கிறது. அந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரை.

வாசகர் இந்த ஆல்பத்தைக் குறிப்பிட்டது பொருத்தமாக அமைந்துவிட்டது. கரீபியக் கடலின் மான்ட்செராட் தீவில், பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளரான ஜார்ஜ் மார்ட்டின் நிறுவிய ஏர் ஸ்டூடியோவில், 1984ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் இதன் ஒலிப்பதிவு தொடங்கியது. பெரும்பாலான ராக் இசைக்குழுக்கள் அனலாக் நாடாக்களில் பதிவு செய்துகொண்டிருந்த அக்காலத்தில், இவர்கள் சோனி நிறுவனத்தின் 24 தடங்கள் கொண்ட டிஜிட்டல் பதிவுக் கருவியைப் பயன்படுத்தினார்கள். குழுவின் தலைவர் மார்க் நாஃப்லரும் ஒலிப்பொறியாளர் நீல் டார்ஃப்ஸ்மனும் சேர்ந்து தயாரித்த அந்த ஆல்பம் 1985 மே மாதம் வெளிவந்தது. குறுந்தகடு ஜப்பானில் விற்பனைக்கு வந்து அப்போது மூன்று ஆண்டுகள்கூட நிறையவில்லை. குறுந்தகடு வடிவில் மட்டுமே பத்து லட்சம் பிரதிகள் விற்ற முதல் ஆல்பம் இதுதான். எல்லா வடிவங்களையும் சேர்த்தால் விற்பனை மூன்று கோடியைத் தாண்டும். புதிய வடிவத்தை உருவாக்கிய நிறுவனங்களில் ஒன்றான பிலிப்ஸ், குழுவின் இசைப்பயணத்துக்குப் புரவலராகவும் இருந்தது.

குறுந்தகடுதான் இந்த ஆல்பத்தின் இயல்பான வீடு என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் 20 நிமிடங்களுக்கு மேல் நெருக்கிப் பதித்தால் ஒலியின் வலு குறையும் என்பதால், இசைத்தட்டுப் பதிப்பில் சில பாடல்களை வெட்டிச் சுருக்கினார்கள். குறுந்தகட்டில் எட்டரை நிமிடம் ஓடும் ‘ஒய் வொர்ரி’, இசைத்தட்டில் ஐந்தரை நிமிடத்தைக்கூடத் தொடுவதில்லை. ஆக, வாசகரிடம் இருக்கும் இரண்டு பிரதிகளும் கீறலில் மட்டுமல்ல, நீளத்திலும் வேறுபட்டவை.

குறுந்தகட்டின் அடிப்படைகளை விரைவாகக் கடந்துவிடலாம். ஒலி அலையின் உயரம் நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வொரு அளவும் 16 பிட் (0 அல்லது 1 என்னும் இலக்கம்) கொண்ட எண்ணாக எழுதப்படுகிறது. வலம், இடம் என இரண்டு தடங்கள். எனவே நொடிக்கு 14 லட்சத்துக்கும் அதிகமான பிட்டுகள். அவை நுண்ணிய பள்ளங்களாக, தகட்டின் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி விரியும் ஒரே சுருள்பாதையில் பதிந்திருக்கின்றன. பாதையின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். 55 நிமிட ஆல்பத்தின் பாதையை இழுத்து நீட்டினால் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் வரும்.

தூசியைச் சமாளிக்கும் முதல் ஏற்பாடு ஒளியியல் சார்ந்தது. தகட்டின் கனம் 1.2 மில்லிமீட்டர், பள்ளங்களோ அந்தக் கனத்துக்கு அப்பால், பெயர் அச்சிட்ட பக்கத்தை ஒட்டி இருக்கின்றன. லேசர் கற்றை தகட்டின் அடிப்பரப்பில் நுழையும்போது அதன் விட்டம் ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர், உள்ளே குவிந்து பள்ளத்தை அடையும்போது இரண்டு மைக்ரோமீட்டரைவிடக் குறைவு. அடிப்பரப்பில் ஒட்டியிருக்கும் தூசி, மூக்குக் கண்ணாடியில் படிந்த தூசியைப் போல, குவியத்துக்கு வெளியே மங்கிப்போகிறது. தூசிக்கு இது போதும், கீறலுக்குப் போதாது.

இங்கே, விளம்பரங்கள் சொல்லாத ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் புத்தம் புதிய குறுந்தகட்டிலும் பிழைகள் உண்டு. ஒலித்தகவல் ‘சட்டகம்’ என்னும் சிறு துண்டுகளாக நொடிக்கு 7,350 வீதம் படிக்கப்படுகிறது. அவற்றில் சராசரியாக நொடிக்கு 220 வரை பிழையோடு இருக்கலாம் என்று குறுந்தகட்டின் தரவரையறையே அனுமதிக்கிறது. ‘மாசற்ற ஒலி’ என்று உலகம் கொண்டாடிய அந்தத் தகடு, மாசு இருந்தே தீரும் என்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு வடிவமைக்கப்பட்ட பொருள். எனக்கு இந்தத் தொழில்நுட்பத்தில் மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

பிழையைத் திருத்துவது எப்படி? பத்தாம் வகுப்புக் கணிதம் போதும். இரண்டு புள்ளிகள் இருந்தால் ஒரு நேர்கோட்டை வரைந்துவிடலாம். நான் உங்களுக்கு 3, 5 என்ற இரண்டு எண்களை அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவற்றை வரைபடத்தாளில் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளின் உயரங்களாகக் குறித்து, அவற்றின் வழியே கோடு வரைந்து, அதே கோட்டில் அடுத்து வரும் 7, 9 என்ற இரண்டு உயரங்களையும் சேர்த்து 3, 5, 7, 9 என்று அனுப்புகிறேன். வழியில் ஏதோ கெட்டுப்போய் உங்கள் கைக்கு 3, 8, 7, 9 வந்து சேர்கிறது. நீங்கள் குறித்துப் பார்க்கிறீர்கள். மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் நிற்கின்றன, ஒன்று மட்டும் விலகி நிற்கிறது. விலகி நிற்பதுதான் பிழை. கோட்டுக்கு இறக்கினால் அது 5. யாரையும் கேட்காமல், மறுபடி அனுப்பச் சொல்லாமல், பிழை எது என்றும் சரியான எண் எது என்றும் இரண்டையும் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

இதில் இன்னொரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. நான்கில் எந்த எண்கள் கெட்டவை என்று யாராவது முன்பே அடையாளம் காட்டிவிட்டால், இரண்டு எண்கள் போனாலும் கவலையில்லை; மீதமுள்ள இரண்டு புள்ளிகளே கோட்டைத் தந்துவிடும். அதாவது, கூடுதலாக அனுப்பிய இரண்டு எண்களைக் கொண்டு இடம் தெரியாத பிழை ஒன்றையோ, இடம் தெரிந்த இழப்பு இரண்டையோ சரிசெய்யலாம். இந்த ‘இடம் தெரிந்த இழப்பு’ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீறலை வெல்வது இதுதான்.

நேர்கோட்டுக்குப் பதிலாக உயர்படிப் பல்லுறுப்புக்கோவையின் வளைகோட்டை எடுத்துக்கொண்டால், இரண்டு எண்களுக்குப் பதிலாக இருபத்து நான்கு எண்களையும் இப்படிப் பாதுகாக்கலாம். எண்கள் கட்டுக்கடங்காமல் வளர்ந்துவிடாதிருக்க, 256 எண்கள் மட்டுமே கொண்ட ஒரு தனி எண்ணுலகில் கூட்டலும் பெருக்கலும் நடக்கின்றன. எதை எதோடு பெருக்கினாலும் விடை அந்த 256க்குள்ளேயே, அதாவது எட்டு பிட் கொண்ட ஒரு பைட்டுக்குள்ளேயே அடங்கும். இருபது வயதில் துப்பாக்கிச் சண்டையில் உயிரிழந்த பிரெஞ்சு இளைஞர் எவரிஸ்ட் கால்வா 19ஆம் நூற்றாண்டில் வகுத்த கணிதம் அது. அதன்மேல் பல்லுறுப்புக்கோவையை ஏற்றி, 1960இல் ஐந்து பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டவர்கள் இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் என்ற இரு அமெரிக்கர்கள். ரீட்–சாலமன் குறியீடு என்று அவர்கள் பெயரிலேயே அது வழங்குகிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தக் கருத்து அவ்வளவு அந்நியமானதன்று. ஏட்டுச்சுவடியில் வெண்பா ஒன்றின் இரண்டாம் அடியில், முதற்சீரின் இரண்டாம் எழுத்தைப் பூச்சி அரித்திருந்தால், பதிப்பாசிரியர் முதலடியின் எதுகையைப் பார்த்து அதை ஊகிப்பார். ஊகித்த சொல் தளை தட்டினால் தள்ளிவிடுவார். பொருளுக்குத் தேவையானதைவிடக் கூடுதலான கட்டுப்பாட்டை யாப்பு சுமந்திருப்பதால்தான் இந்த மீட்பு இயலுகிறது. குறுந்தகட்டிலும் 24 பைட் இசைக்கு முதலில் 4, பிறகு இன்னொரு 4 என எட்டு பைட்டுகள் யாப்பாகச் சேர்கின்றன.

ஆனால் யாப்பு மட்டும் போதாது. ஓரெழுத்து போனால் எதுகை காப்பாற்றும், ஓரடியே போனால்? கீறல் அப்படிப்பட்டது. அது அங்கொன்றும் இங்கொன்றுமாக அல்ல, அடுத்தடுத்து நூற்றுக்கணக்கான பைட்டுகளைச் சேர்த்தே அழிக்கிறது. இதற்குக் கண்டுபிடித்த தந்திரம், எளிமையில் என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

கடலலை, மழைநீர், பனிமலை, நிலவொளி என்ற நான்கு சொற்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் நான்கெழுத்து. இவற்றை வரிசையாக எழுதி, அடுத்தடுத்த நான்கெழுத்துகளை அழித்தால் ஒரு சொல் முழுவதும் போய்விடலாம். எந்தப் புலவராலும் அதை மீட்க முடியாது. மாறாக, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் முதலில் எழுதி, பிறகு இரண்டாம் எழுத்துகள், பிறகு மூன்றாம் எழுத்துகள் என்று கலைத்து எழுதுவோம்: க ம ப நி, ட ழை னி ல, ல நீ ம வொ, லை ர் லை ளி. இப்போது மூன்றாவது கூட்டத்தின் மேல் கீறல் விழுந்து நான்கெழுத்தும் அழிகிறது. பழைய வரிசைக்குத் திருப்பினால் கிடைப்பது: கட–லை, மழை–ர், பனி–லை, நில–ளி. ஒவ்வொரு சொல்லிலும் ஓரெழுத்துத்தான் இல்லை. எங்கே இல்லை என்பதும் தெரிகிறது. நீங்கள் இதற்குள் நிரப்பியே முடித்திருப்பீர்கள்.

குறுந்தகடு இதையே செய்கிறது. முதல் நான்கு காப்பு பைட்டுகளும் சேர்ந்து 28 பைட்டுகளாகிவிட்ட ஒரு பொட்டலத்தின் முதல் பைட் இந்தச் சட்டகத்தில், இரண்டாவது நான்கு சட்டகங்கள் தள்ளி, மூன்றாவது எட்டுச் சட்டகங்கள் தள்ளி என்று, கடைசி பைட் 108 சட்டகங்களுக்கு அப்பால் போய் அமர்கிறது. ஒரு சட்டகம் பாதையில் பிடிக்கும் நீளம் மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு. ஆக, ஒரே பொட்டலத்தின் பைட்டுகள் ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் நீளத்துக்குச் சிதறிக் கிடக்கின்றன. நாஃப்லர் கிட்டார் கம்பியைச் சுண்டிய ஒரு கணம், தகட்டில் ஓரிடத்தில் இல்லை.

படிக்கும்போது திருத்தம் இரண்டு கட்டங்களில் நடக்கிறது. சிதறலுக்குப் பிறகு சேர்த்த நான்கு பைட்டுகளைக் கொண்டு முதல் கட்டம் சில்லறைப் பிழைகளைத் துடைத்துவிடுகிறது. கீறலின் மேல் வரும்போது அதனால் முடியவில்லை. உடனே அது தன் தோல்வியை ஒப்புக்கொண்டு, அந்தச் சட்டகத்தின் 28 பைட்டுகளுக்கும் ‘ஐயத்துக்குரியது’ என்று கொடி நட்டு அனுப்புகிறது. கலைந்த வரிசை சீராக்கப்பட்டதும், கொடி நட்ட பைட்டுகள் பல பொட்டலங்களுக்கு ஒன்றிரண்டாகப் பிரிந்துவிடுகின்றன. இரண்டாம் கட்டத்தைப் பொறுத்தவரை இவை இடம் தெரிந்த இழப்புகள்; தன் நான்கு காப்பு பைட்டுகளைக் கொண்டு ஒரு பொட்டலத்தில் நான்கு இழப்புகள் வரை அதனால் ஈடுகட்ட முடியும். நான்கு இழப்பு, ஒவ்வொன்றுக்கும் நான்கு சட்டக இடைவெளி. ஆக ஏறத்தாழ 16 சட்டகங்கள் தொடர்ச்சியாக அழிந்தாலும் ஒரு பிட்கூடக் குறையாமல் மீட்டுவிடலாம். பாதையின் நீளத்தில் அது சுமார் 2.5 மில்லிமீட்டர். பள்ளங்களின் உலகில் அது ஒரு பெரும் பாலைவனம்.

அதற்கும் மேல் அழிந்தால், கருவி நேர்மையான மீட்பைக் கைவிட்டுப் பூசி மெழுகத் தொடங்குகிறது. அடுத்தடுத்த அளவுகளும் தள்ளித் தள்ளியே வைக்கப்பட்டிருப்பதால், தொலைந்த அளவுக்கு இருபுறமும் உள்ளவை பெரும்பாலும் பிழைத்திருக்கும். அவற்றின் சராசரியைப் போட்டு நிரப்பிவிடும்; காதுக்குத் தெரியாது. அதுவும் இயலாதபோதுதான் ஒலி ஒரு கணம் அடங்கும், அல்லது பாட்டு துள்ளும்.

ஒரு சொந்தக் கருத்தையும் பதிவு செய்கிறேன். 1960இல் ரீட்டும் சாலமனும் கட்டுரை எழுதியபோது, அதைச் செயல்படுத்தத்தக்க விலையில் மின்சுற்று கிடையாது. பிழைகளை விரைவாகத் திருத்தும் கணக்குமுறையை எல்வின் பெர்லிகாம்ப் உருவாக்கவே அந்தப் பத்தாண்டின் இறுதி ஆயிற்று. கட்டுரை வந்து 22 ஆண்டுகளுக்குப் பிறகுதான் குறுந்தகடு கடைக்கு வந்தது. ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ விற்பனையின் உச்சத்தில் இருந்த 1986 ஜனவரியில், வாயேஜர் 2 விண்கலம் யுரேனஸ் அருகிலிருந்து அனுப்பிய படங்களும் இதே குறியீட்டின் காவலில்தான் பூமிக்கு வந்தன. இன்று பெட்டிக்கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியின் ஓரம் கிழிந்திருந்தாலும் பணம் போய்ச் சேர்வதும் இதனால்தான். ஆராய்ச்சிக்கு நிதி கேட்பவரிடம் மூன்றாண்டுக்குள் என்ன பயன் என்று படிவத்தில் எழுதச் சொல்லும் குழுக்கள், இந்த ஐந்து பக்கங்களுக்குச் சல்லிக்காசு கொடுத்திருக்குமா என்று எனக்கு ஐயமுண்டு.

இன்னொரு புறம், குறுந்தகட்டின் விளிம்பில் பச்சை மை பூசினால் ஒலி இனிமையாகும் என்ற நம்பிக்கை 1990 வாக்கில் இசைப்பிரியர்களிடையே பரவி, அதற்கென்றே பேனாக்களும் விலைபோயின. மை பூசினாலும் பூசாவிட்டாலும் கணக்கு முடிந்து வெளிவருவது அதே எண்கள்தாம். எலுமிச்சம்பழம் கட்டிய வண்டிக்கும் பச்சை மை பூசிய தகட்டுக்கும் நான் பெரிய வேறுபாடு காணவில்லை. எலுமிச்சை மலிவு என்பதைத் தவிர.

வாசகரின் தகட்டுக்கு வருவோம். அவர் சொல்வதிலிருந்து, கீறல்களில் பெரும்பாலானவை மையத்திலிருந்து விளிம்பை நோக்கி ஓடுபவை என்று தோன்றுகிறது. அத்தகைய கீறல் நான்கு சென்டிமீட்டர் நீளமிருந்தாலும், பாதையை ஒவ்வொரு சுற்றிலும் குறுக்காகத்தான் வெட்டும். இழப்பு அதன் அகலமான பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவே. பாதையோடு ஒட்டி வட்டமாக ஓடும் ஒரு சென்டிமீட்டர் கீறலோ, 2.5 மில்லிமீட்டர் எல்லையை எளிதில் தாண்டிவிடும். எனவே இசைத்தட்டைத் துடைத்துப் பழகிய கையால் குறுந்தகட்டையும் வட்டமாகத் துடைக்க வேண்டாம். மென்மையான துணியால் மையத்திலிருந்து விளிம்புக்கு நேராக இழுத்துத் துடையுங்கள். பெயர் அச்சிட்ட பக்கத்தைக் கவிழ்த்து மேசையில் வைப்பதையும் தவிர்த்துவிடுங்கள். அந்தப் பக்கத்தில் பள்ளங்களுக்கும் வெளியுலகுக்கும் நடுவே மெல்லிய உலோகப் பூச்சும் அரக்கும்தான் உண்டு. அங்கே உலோகம் பெயர்ந்தால் திருப்பி அனுப்ப ஒளியே இருக்காது.