கோடு கீறியவருக்கும் பொறுப்பு உண்டு: டிஸ்க் கோல்ஃபின் எல்லை விதி

போன கச்சான் காற்றுக் காலத்தில் திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து டிஸ்க் கோல்ஃப் விளையாடினோம். பிளாஸ்டிக் தட்டை எறிந்து, ஒவ்வொரு இலக்கிலும் இருக்கும் கூடைக்குள் ஆகக் குறைந்த எறிகளில் விழுத்துகிற விளையாட்டு அது. சங்கிலி தொங்கும் உண்மையான கூடை எங்களிடம் இல்லை. வாய் அகன்ற பிளாஸ்டிக் பீப்பாக்களைப் பாதி மணலில் புதைத்து நட்டிருந்தோம். கடல் பக்கம் எல்லை வேண்டும் என்பதற்காகக் காலையிலேயே ஈர மணலில் குதிக்காலால் ஒரு நீளக் கோடு கீறினேன். பத்து மணிக்குள் அலை அதில் பாதியைத் தின்றுவிட்டது.

ஏழாவது இலக்கில் ஒரு தம்பி எறிந்த தட்டு காற்றில் சரிந்து, கோடு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ போய் விழுந்தது. அடுத்த அலை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று பயந்து இன்னொரு பெடியன் ஓடிப்போய் அதைத் தூக்கிவிட்டான். அந்தக் குழுவில் நாலு பேர். இரண்டு பேர் வெளியே என்றார்கள், இரண்டு பேர் உள்ளே என்றார்கள். “அண்ணா, கோடு எங்க இருந்தது? நீங்கதானே கீறினீங்க” என்று தம்பி என்னைக் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. தெரியாமலே அவனுக்கு ஒரு எறி தண்டம் போட்டேன், அதாவது அவன் எண்ணிக்கையில் ஒரு எறியைக் கூட்டினேன்.

பிறகு விதிப்புத்தகத்தை ஆறுதலாக எடுத்து வாசித்தபோதுதான் நான் விட்ட பிழை விளங்கியது. எங்கள் பக்கத்தில் இந்த விளையாட்டில் ஆசைப்பட்டு வருகிற பிள்ளைகள் எல்லை விதியைச் சரியாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உலகம் முழுக்கப் போட்டிகளில் பயன்படுவது பி.டி.ஜி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தின் விதிப்புத்தகம். அமெரிக்காவின் எட் ஹெட்ரிக் 1976இல் தொடங்கிய சங்கம் அது. சங்கிலிக் கூடையைக் கொண்டுவந்தவரும் அவர்தான். சிறிய ஊர்ப் போட்டிக்கும் பெரிய பரிசுத் தொகைப் போட்டிக்கும் அடிப்படை விதி ஒன்றே. எல்லையைப் பற்றிய விதிக்கு 806.02 என்று இலக்கம். எல்லைக்கு வெளியே என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக ஆட்டக்காரர்கள் அதை ‘ஓ.பி.’ என்பார்கள்.

விதியின் முதல் வாசகமே முக்கியமானது. எது எல்லைக்கு வெளியே என்பதைக் குறித்துக் கொடுப்பவர் போட்டிப் பணிப்பாளர். கடல், குளம், வீதி, மதிலுக்கு அப்பால் என்று எதுவாக இருந்தாலும், பணிப்பாளர் அதை ஓ.பி. என்று அறிவித்திருக்க வேண்டும். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது குழுவில் ஒருவர் ‘அந்தப் பக்கம் போனால் வெளி என்று வைத்துக்கொள்வோம்’ என்று புதிதாக எல்லை போட முடியாது.

அடுத்தது கோடு. டிஸ்க் கோல்ஃபில் கோடு வெளிப்பக்கத்தைச் சேர்ந்தது. அப்படியானால் கோட்டில் பட்டாலே வெளியா என்று கேட்டால், இல்லை. தட்டு முழுவதும் ஐயத்துக்கு இடமில்லாமல் வெளிப்பகுதியால் சூழப்பட்டிருந்தால் மட்டும்தான் ஓ.பி. 21 சென்ரிமீற்றர் அகலத் தட்டில் ஒரு விரல் நுனி அளவு உள்ளே நின்றாலும் அது உள்ளேதான். நமக்குப் பழக்கமான விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் சுலபமாகப் பிடிபடும். துடுப்பாட்டத்தில் பந்து கயிற்றைத் தொட்டாலே நாலு ஓட்டம். கரப்பந்தில் கோட்டில் பட்ட பந்து உள்ளே. டிஸ்க் கோல்ஃப் உதைபந்தாட்டத்துக்குக் கிட்ட வருகிறது: அங்கே பந்து முழுவதும் கோட்டைக் கடக்க வேண்டும், இங்கே தட்டு முழுவதும் உள்விளிம்பைத் தாண்டியிருக்க வேண்டும். கோட்டின் உள்விளிம்பு என்பதைக் கவனியுங்கள். கயிறு தடிப்பாக இருந்தால் அந்தத் தடிப்பும் வெளிதான்.

தட்டு சவுக்கு மரத்தில் சிக்கிக்கொண்டால் நேர் கீழே இருக்கும் தரையைப் பார்க்க வேண்டும். தரை உள்ளே என்றால் தட்டும் உள்ளே. தண்ணீரில் விழுந்த தட்டைப் பற்றியும் விதி இருக்கிறது, கடற்கரை ஆட்டக்காரர்களுக்கு அது அவசியம்: தண்ணீரின் அசைவால் மட்டும் தட்டு அசையத் தொடங்கிவிட்டால் அது நின்றுவிட்டதாகக் கணக்கு. பிறகு அலை அதைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தாலும் உள்ளே வந்ததாக ஆகாது. அதேபோல கரையில் நின்ற தட்டைப் பிறகு வந்த அலை கடலுக்குள் இழுத்தாலும் வெளியே போனதாக ஆகாது.

சரி, வெளியே போய்விட்டது. அப்போது ஒரு எறி தண்டம். அடுத்த எறிக்குச் சாதாரணமாக மூன்று வழி: முன்பு எறிந்த அதே இடத்திலிருந்து திரும்ப எறியலாம், தட்டு கடைசியாக உள்ளே இருந்த புள்ளியிலிருந்து ஒரு மீற்றருக்குள் குறித்தட்டு (இடத்தைக் காட்டும் சின்னத் தட்டு) வைத்து எறியலாம், வெளியே போனவர்கள் எறிவதற்கென்று பணிப்பாளர் விழுமிடம் ஒன்றைக் குறித்திருந்தால் அங்கிருந்து எறியலாம். இந்த மூன்றில் எதெல்லாம் உண்டு என்பதைப் பணிப்பாளர் கட்டுப்படுத்தலாம். ஆகவே ஆட்டம் தொடங்கும் முன்பே கேட்டு வைப்பது நல்லது. தட்டு உள்ளே நின்று, ஆனால் கோட்டுக்குக் கிட்டக் கிடந்தால், கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு மீற்றர் வரை உள்ளே தள்ளிக் குறித்துக்கொள்ளலாம். இதற்குத் தண்டம் கிடையாது. பலர் இது தெரியாமல் ஒரு கால் கடலுக்குள் போகிற மாதிரி நின்று கஷ்டப்படுகிறார்கள். வெளிப்பகுதியில் கால் ஊன்றி எறியவும் கூடாது.

மூன்றில் சச்சரவு அதிகம் வருவது இரண்டாவது வழியில்தான். தட்டு கடலுக்கு மேலே போய், வளைந்து கரைக்கு மேலே வந்து, திரும்பவும் கடலில் விழுகிறது. கடைசியாக எங்கே உள்ளே இருந்தது? 80 மீற்றருக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கு அது சரியாகத் தெரியாது. பெரிய போட்டிகளில் இதற்காகவே தொண்டர்கள் கொடியோடு தூரத்தில் நிற்பார்கள். நம் மாதிரிச் சின்ன ஆட்டத்தில் அடுத்த குழுவில் ஒருவரை முன்னால் போய் நிற்கச் சொல்லலாம்.

தீர்ப்பு யாருடையது? பெரும்பாலான விளையாட்டுகளில் நடுவர் விசில் அடிப்பார். டிஸ்க் கோல்ஃபில் முதல் தீர்ப்பு கூட விளையாடும் குழுவுடையது. எறிந்தவரும் அந்தக் குழுவில் ஒருவர்தான். பெரும்பான்மை எதுவோ அதுவே முடிவு. பெரும்பான்மை வரவில்லை என்றால் எறிந்தவருக்கு எது சாதகமோ அதுவே முடிவு. எங்கள் ஏழாவது இலக்கில் இரண்டுக்கு இரண்டு என்று நின்றபோது அந்தத் தம்பிக்குத் தண்டம் விழுந்திருக்கவே கூடாது. நான் விட்ட முதல் பிழை அது. தட்டு உள்ளேயா வெளியேயா என்று தீர்மானிக்கும் முன் எறிந்தவரே அதை அசைத்தால் வெளி என்று கணக்கு, வேறொரு ஆட்டக்காரர் அசைத்தால் உள்ளே என்று கணக்கு. எங்களில் தூக்கியது வேறு பெடியன். ஆக, இரண்டாவது காரணத்தாலும் தம்பியின் தட்டு உள்ளேதான்.

குழுவின் முடிவு பிடிக்கவில்லை என்றால் சான்றிதழ் பெற்ற நடுவரைக் கூப்பிடலாம். அவர் சொல்வது குழுவின் முடிவுக்கு மேலே. நடுவரின் முடிவும் சரியில்லை என்று பட்டால் பணிப்பாளரிடம் முறையிடலாம். அவர் சொல்வதே கடைசி. நடுவராக வருவதற்கு விதிப்புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதும் ஒரு தேர்வு இருக்கிறது. பாடமாக்கத் தேவையில்லை, தேடிப் படிக்கத் தெரிந்தால் போதும். பணிப்பாளரோ நடுவரோ உடனே வர முடியாவிட்டால் மாற்று எறி எறிந்து வைத்துக்கொள்ளலாம். அதாவது, தட்டு உள்ளே என்று ஒரு முறையும், வெளியே என்று ஒரு முறையும் அந்த இலக்கை ஆடி முடித்து, இரண்டு எண்ணிக்கையையும் அட்டையில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு பணிப்பாளர் எதைச் சொல்கிறாரோ அது நிற்கும், மற்றது கணக்கில் சேராது. ஆட்டம் தேங்காது, பின்னால் வருகிற குழு காத்திருக்காது, முறையிடும் உரிமையும் கைவிட்டுப் போகாது. இந்த விதியைத் தெரியாமல் “சரி விடு, ஒரு எறிதானே” என்று விட்டுக்கொடுக்கிறவர்கள் நிறைய. விட்டுக்கொடுக்க வேண்டாம், மரியாதையாகக் கேளுங்கள்.

இனி, என் மனதில் அதிகமாகக் கிடக்கிற விஷயத்துக்கு வருகிறேன். தண்டம் ஆட்டக்காரருக்கு, கோடு கீறும் வேலை பணிப்பாளருக்கு. கோடு சரியில்லாதபோது தண்டம் மட்டும் ஆட்டக்காரர் தலையில் விழுவது நியாயமில்லை. விதிப்புத்தகம் எல்லையைக் குறிக்கும் பொறுப்பைப் பெயர் சொல்லிப் பணிப்பாளரிடம் கொடுத்திருப்பதன் அர்த்தமே அதுதான். தொழில்முறைப் போட்டி என்றால் களத்தை வடிவமைக்கிறவர் ஒருவர், கயிறு கட்டுகிறவர்கள் வேறு, குறிப்புப் புத்தகம் அச்சிடுகிறவர்கள் வேறு என்று பலர் இருப்பார்கள். கயிறு ஓரிடத்திலும் குறிப்புப் புத்தகத்தின் படம் வேறிடத்திலும் எல்லையைக் காட்டினால் அங்கே பரிசுப் பணமே மாறிப்போகும். எத்தனை பேர் வேலை செய்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் பணிப்பாளர் ஒருவர். பி.டி.ஜி.ஏ. விதிகளோடு முரண்படுகிற விதி எதையும் சங்கத்தின் அனுமதி இல்லாமல் அவர் புகுத்தவும் முடியாது.

வெட்டவெளிப் புல்தரையில் கயிறு கட்டி எல்லை உண்டாக்குவது தொழில்முறை ஆட்டத்தில் வழக்கம். அமெரிக்காவின் தென் கரோலினாவில் ரொக் ஹில் என்ற ஊரில், வின்த்ரொப் பல்கலைக்கழகக் களத்தில் 1999இலிருந்து நடக்கும் அமெரிக்க டிஸ்க் கோல்ஃப் சம்பியன்ஷிப் இதற்குப் பெயர்போனது. மஞ்சள் கயிறுகள் களம் முழுக்க ஓடும். 17ஆவது இலக்கில் கூடையைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்கி ஒரு தீவு மாதிரிச் செய்திருப்பார்கள். அந்தத் தீவுக்குள் தட்டை நிறுத்த முடியாமல் தோற்றுப் போன பெரிய ஆட்டக்காரர்கள் உண்டு. கயிற்று எல்லையை வெறுக்கிறவர்கள், ஒரு சாண் விலகிய எறிக்கும் முப்பது மீற்றர் விலகிய எறிக்கும் ஒரே தண்டம் என்பது என்ன நியாயம் என்று கேட்பார்கள். அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் என்னைப் பொறுத்தவரை கயிறு இருப்பது பிரச்சினை இல்லை. வைக்கோல் கட்டைப் பார்த்து யாரும் உள்ளேயா வெளியேயா என்று சண்டை பிடிக்கப் போவதில்லை. கயிறு தொய்ந்து, முளைகள் தூரத்துக்குத் தூரம் நின்று, இடையில் எல்லை எங்கே ஓடுகிறது என்று ஊகிக்க வேண்டி வருவதுதான் பிரச்சினை.

கிளித்தட்டு விளையாடியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சித்திரை வருடப்பிறப்பு விளையாட்டுப் போட்டியில் கோட்டைச் சாம்பலால் தெளிவாகப் போட்டிருந்தால் ஆட்டம் ஓடும். மண்ணில் குச்சியால் கீறி விட்டால், அரை மணித்தியாலத்தில் காலடிகளில் கோடு கரைந்து, கால் கோட்டில் நின்றதா இல்லையா என்ற வாக்குவாதம்தான் மிஞ்சும்.

திருகோணமலையில் களம் போடுகிறவர் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கச்சான் காலத்தில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். உப்புவெளியிலிருந்து நிலாவெளிப் பக்கம் பார்த்து எறிந்தால் கடல் வலப்பக்கம். வலக்கையால் புறங்கை வீசி எறிபவரின் தட்டு வேகம் குறையும்போது இடப்பக்கம், அதாவது தரைக்குத் திரும்பும். காற்றும் தட்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். அதே இலக்கைத் தலைகீழாக்கி, நகரைப் பார்த்து எறிய வைத்தால் கடல் இடப்பக்கம் வந்துவிடும். காற்றும் தட்டும் சேர்ந்து கடலுக்கே கொண்டுபோகும். இடக்கைக்காரருக்கு எல்லாம் மறுதலை. வாடைக்காற்றில் இந்தக் கணக்கு முழுவதும் மாறும். ஜூலையில் போட்ட எல்லைக் கோட்டை அப்படியே டிசம்பரில் பயன்படுத்துவது சரிவராது.

நகருக்குள் விளையாடுகிறவர்களுக்கு இன்னொன்று. கோட்டைப் பக்கமும் டச்சுக் குடாப் பக்கமும் மான்கள் நடமாடும் இடங்கள். கட்டிய கயிற்றை அவை இழுத்துக்கொண்டு போனால் என்ன செய்வது என்று ஒருவர் என்னைக் கேட்டார். விதியில் மானைப் பற்றி எதுவும் இல்லை. ஆனால் விதியில் நேரடியாகச் சொல்லப்படாத சங்கதி வந்தால், அதற்கு மிகவும் கிட்டிய விதியை நீட்டி நியாயமாக முடிவு செய்ய வேண்டும் என்று இருக்கிறது. குழு முடிவு செய்யட்டும், ஐயம் இருந்தால் மாற்று எறி, பிறகு பணிப்பாளர். கயிற்றை ஆட்டக்காரர் தன் விருப்பத்துக்கு இழுத்துக் கட்டக் கூடாது. விதிப்புத்தகம் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால், போட்டிக்குப் போகும் முன் நடப்புப் பதிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

நாங்கள் இப்போது ஈர மணலில் கோடு கீறுவதில்லை. அலை ஏறிய தடத்துக்கு மேலே, காய்ந்த மணலில், பத்து எட்டு வைத்த தூரத்துக்கு ஒரு முளை அடித்து மீன்வலைக்குப் போடும் பச்சை நைலோன் கயிற்றை இழுத்துக் கட்டுகிறோம். ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரும் கயிற்றோரமாக ஒருமுறை நடந்து பார்க்கிறோம். தொய்வைக் கண்டவர் அப்போதே சொல்லிவிடுவார்.

போன சனிக்கிழமை அந்தத் தம்பியைக் கண்டு, அன்றைக்கு உனக்குப் போட்ட ஒரு எறியைக் கழித்துவிட்டேன் என்று சொன்னேன். அப்படிப் பார்த்தால் அவன் மூன்றாம் இடத்தை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்கிறான். பரிசு எதுவும் வைத்திருக்கவில்லை. திருத்திய பட்டியலை வட்ஸ்அப் குழுவில் போட்டோம்.