3 லிட்டர் பெட்ரோல் இருந்தும் வளைவில் எஞ்சின் ஏன் திணறுகிறது?

கோவையில் பொறியியல் படிக்கும் மாணவர்களின் கேள்வி இது. பிஎஸ்-6 பைக் எஞ்சினை வைத்து ஒரு சிறு ரேஸ் கார் கட்டியிருக்கிறார்கள். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டினால், டேங்கில் 3 லிட்டர் பெட்ரோல் இருக்கும்போதே வளைவுகளில் எஞ்சின் திணறுகிறது. பம்பை மாற்றியும் பயனில்லை.

பம்ப் மேல் பழியில்லை. டேங்க் அகலம் 40, நீளம் 25, உயரம் 12 செ.மீ.; கொள்ளளவு 12 லிட்டர். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 39 கி.மீ. வேகத்தில் கடக்கும்போது பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பில் 0.8 மடங்கு. பெட்ரோலின் மட்டம் ஏறக்குறைய 39 டிகிரி சாய்ந்துவிடும். 3 லிட்டரும் வெளிப்பக்கச் சுவரோரம் ஒதுங்கி, அடித்தகட்டில் 17.5 செ.மீ. வரைதான் நனைக்கும். உறிஞ்சுகுழாய் இருப்பதோ நடுவில், 20 செ.மீ. தொலைவில். கார்புரேட்டர் வண்டியானால், அதில் கொஞ்சம் பெட்ரோலைத் தேக்கி வைக்கும் மிதவைக் கிண்ணம் சில நொடி தாங்கும். பெட்ரோலை நேராகப் பீய்ச்சும் எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) எஞ்சினில் பம்ப் காற்றைக் குடித்ததுமே திணறல்தான்.

இது சாய்வின் கதை. தளும்பல் இன்னும் சுவையானது. ஊஞ்சலுக்கு ஒரு தாளம் உண்டு. அதில் உட்காருவது குழந்தையா தாத்தாவா என்று அது பார்ப்பதில்லை. தொட்டியில் ஆடும் திரவமும் அப்படித்தான். தொட்டியின் அகலமும் திரவத்தின் ஆழமும்தான் தாளத்தைத் தீர்மானிக்கின்றன. அடர்த்திக்கு அதில் இடமே இல்லை. 40 செ.மீ. அகலத்தில் 3 செ.மீ. ஆழத்துக்குப் பெட்ரோல் நின்றால், ஒரு முறை போய்வர 1.5 நொடி. இடம் வலமாக அடுத்தடுத்து வரும் வளைவுகளும் இதே இடைவெளியில் அமைந்துவிட்டால், ஊஞ்சலை வேளை பார்த்துத் தள்ளிவிடுகிற மாதிரிதான். இரண்டு தடுப்புத் தகடுகளை வைத்து அகலத்தை மூன்றாகப் பிரித்தால் அது 0.53 நொடியாகிவிடும். வண்டியின் ஆட்டத்தோடு தாளம் சேராது. அடர்த்திக்கு வேலையில்லை என்பதால் பெட்ரோலைத் தொடாமலே இதைச் சோதிக்கலாம்: அதே அளவில் அக்ரிலிக் பெட்டி, நீலம் கலந்த தண்ணீர், ஸ்லோமோஷனில் ஒரு செல்போன். பல லட்சம் கொடுத்து மென்பொருள் வாங்கும் கல்லூரிகள் இந்தப் பெட்டிக்குச் சில ஆயிரம் ஒதுக்கத் தயங்குவது எனக்குப் புரிவதில்லை.

தடுப்புத் தகட்டில் 25 மி.மீ. துளைகள் போட்டு விளிம்பை மடக்குங்கள். கீழ் மூலைகளைச் சிறிது வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கடைசிச் சொட்டுகள் அங்கேயே தங்கிவிடும். காற்று போய்வர மேலேயும் இடைவெளி தேவை. ஆனால் துளையுள்ள தகடு தளும்பலைத்தான் அடக்கும். நீண்ட வளைவில் பெட்ரோல் துளைவழியே நகர்ந்து போய்விடும். அதற்காகத்தான் உறிஞ்சுகுழாயைச் சுற்றி 10 செ.மீ. சதுரம், 8 செ.மீ. உயரத்தில் ஒரு பெட்டி. அதன் கதவுகள் உள்நோக்கி மட்டும் திறக்கும். 3 செ.மீ. ஆழத்தில் 300 மி.லி. உள்ளே சிக்கியிருக்கும், அதே 39 டிகிரி சாய்ந்தாலும் பெட்டியின் நடுப்பகுதி காயாது. மணிக்கு 10 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்கு 10 நொடி வளைவில் தேவை 28 மி.லி.தான். பம்பிலிருந்து திரும்பும் பெட்ரோலும் இந்தப் பெட்டிக்குள்ளேயே விழ வேண்டும்.

மற்றதெல்லாம் பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். 5052 ரக அலுமினியம், 2 மி.மீ. தகடு, ஆர்கான் வெல்டிங். 6061-டி6 ரக அலுமினியத் தகட்டை மடக்கினால் விரிசல் விடும். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு வேண்டவே வேண்டாம். வெல்டிங்கில் வரும் துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். மூலைகளை ஒட்டுவதைவிட ஒரே தகட்டை மடக்குவது மேல், கசியும் இடங்கள் குறையும். பெட்ரோல் சூட்டில் விரியும் என்பதால் மேலே 5 சதவீதமாவது காலியாக விடுங்கள். காற்றுக்குழாயில், வண்டி கவிழ்ந்தால் மூடிக்கொள்ளும் வால்வு கட்டாயம்.

கசிவுச் சோதனைக்குக் கொத்தனாரின் டியூப் லெவல் போதும். 2 மீட்டர் குழாயை ‘யூ’ போல் வளைத்து, அதன் இரு பக்கங்களிலும் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை டேங்கில் மாட்டுங்கள். மற்ற துளைகளை அடைத்துவிட்டு சைக்கிள் பம்பில் மெதுவாக அடியுங்கள். இரு மட்டங்களுக்கும் 1 மீட்டர் வித்தியாசம் வந்தால், 40×25 தகட்டின் மேல் மொத்தம் 100 கிலோ அழுத்துகிறது. அதற்கு மேல் போனால் தண்ணீர் வெளியே பீய்ச்சிக் காற்று தானே இறங்கிவிடும். கம்ப்ரஸரின் 6 கிலோ காற்றை நேராக விட்டால் அதே தகட்டில் 6 டன்! பிறகு வெல்டிங் தையலெல்லாம் சோப்பு நுரை தடவுங்கள். நிழலில் செய்யுங்கள்: உள்காற்று 1 டிகிரி சூடேறினாலே மட்டம் 3 செ.மீ.க்கு மேல் மாறும். நுரை கொப்பளிக்காமல் மட்டம் மட்டும் இறங்கினால், மேகம் வெயிலை மறைத்ததா என்று அண்ணாந்து பாருங்கள்.

பழைய பெட்ரோல் டேங்கை வெட்டி ஒட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். 10 லிட்டர் ‘காலி’ டேங்கில் 1 மி.லி. பெட்ரோல் ஆவியானாலே வெடிக்கும் கலவை தயார். எலுமிச்சையும் மிளகாயும் கட்டுவது உங்கள் விருப்பம். கற்பூரத்தை மட்டும் டேங்குக்குப் பெட்ரோல் ஊற்றும் முன்பே காட்டி முடித்துவிடுங்கள்.