பழைய பியானோவைச் சுரண்ட வேண்டாம், பூச்சைக் கரைத்தால் போதும்

காரைக்குடிப் பக்கம் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் நூறு வயது தாண்டிய அப்ரைட் பியானோ ஒன்று நிற்கிறது. பலகை முழுக்க முதலைத்தோல் மாதிரி வெடிப்பு. பால் தெளித்தது போல் வெளிறல். பார்க்க வந்த ஆசாரி, "உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுட்டு பி.யு. அடிச்சிரலாம் தம்பி, கண்ணாடியா ஆயிரும்" என்றார். பி.யு. என்றால் பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பூச்சு.

வீட்டுக் கதவு என்றால் சரி. பர்மா தேக்கை எத்தனை முறை தேய்த்தாலும் உள்ளே தேக்குதான். பியானோவில் நாம் பார்க்கும் அழகான மரம் மேலே ஒட்டிய வெனீர், அதாவது மெல்லிய மரத்தகடு. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இரண்டு இழுப்பு அதிகமானால் அடிமரம் தெரிந்துவிடும்.

சுரண்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்தோம். டர்பன்டைனில் நனைத்த துணியால் உள்ளங்கை அளவு இடத்தைத் துடைத்தோம். கந்தலாகத் தெரிந்த பலகையில் செம்பழுப்பு ரேகைகள் பளிச்சென்று எழும்பின. ஐந்து நிமிடத்தில் டர்பன்டைன் காய, மறுபடி வெளிறல்.

மரம் உள்ளே நன்றாகத்தான் இருக்கிறது. பூச்சில் விழுந்த நுண்ணிய வெடிப்புகளில் காற்று புகுந்திருக்கிறது. காற்றும் பூச்சும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால், ஒவ்வொரு வெடிப்பு ஓரத்திலும் ஒளி சிதறி, மரத்தைத் தொடாமலே திரும்புகிறது. டர்பன்டைன் அந்த இடைவெளியை நிரப்பியதும் ஒளி நேராக உள்ளே போய்விட்டது. வெள்ளை வேட்டி நனைந்தால் உடம்பு தெரிவதும் இதனால்தான். ஆக, வெடிப்புகளை நிரந்தரமாக மூடினால் வேலை முடிந்தது.

அதற்கு வழி பூச்சின் பிறப்பிலேயே இருக்கிறது. அந்தக் காலத்துப் பியானோக்களில் பெரும்பாலும் பூசியது அரக்கு. புரசு, இலந்தை மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சின்னஞ்சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. பாண்டவர்களுக்குக் கட்டிய மாளிகையும், தபால் பைக்கு வைத்த முத்திரையும், பழைய கிராமபோன் தட்டும் இந்த அரக்குதான். ஸ்பிரிட்டில், அதாவது ஆல்கஹாலில், கரைத்துப் பூசினால் ஸ்பிரிட் பறந்துவிடும், அரக்கு மட்டும் படலமாகத் தங்கும். அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பக்கத்தில் அணைத்துக்கொண்டு நிற்கின்றனவே தவிர, பி.யு.வில் போல இறுகப் பின்னிக்கொள்வதில்லை. அதனால் நூறு வருடம் கழித்தும் ஸ்பிரிட் பட்டால் இளகும். வெடிப்பின் இரு கரையும் இளகி ஒன்றாகும், பரப்பு இழுவிசை அதைச் சமமாக்கும்.

அரக்குதானா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டோம். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. 1920-களுக்குப் பிந்தைய பியானோவில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்ற வேறு வகைப் பூச்சு இருக்கலாம். அது தின்னருக்குத்தான் இளகும்.

பிறகு பழைய மெழுகையும் புகை அழுக்கையும் டர்பன்டைனால் எடுத்தோம். தண்ணீர் ஊற்றித் துடைக்கக் கூடாது. வெனீரைப் பிடித்திருக்கும் வச்சிரப் பசை ஊறிப்போகும். மேல்பலகையையும் கீழ்ப்பலகையையும் கழற்றி முற்றத்து நிழலில் கிடத்தி, தூரிகையால் ஸ்பிரிட்டை ஒரே ஓட்டத்தில் தடவிவிட்டுக் கை எடுத்தோம். இங்கேதான் பொறுமை வேண்டும். இளகியதைத் திரும்பத் தொட்டால் பூச்சே வழித்துக்கொண்டு வந்துவிடும். காய்ந்த பின், பஞ்சைத் துணியில் பொதிந்து, நீர்த்த புது அரக்கை எட்டு வடிவில் ஓட்டி ஓட்டி மெல்லிய அடுக்குகளாக ஏற்றினோம். ஸ்பிரிட் ஆவி பக்கென்று தீப்பிடிக்கும், மூச்சுக்கும் கெடுதல், திறந்தவெளி கட்டாயம்.

ஐப்பசி மழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஸ்பிரிட் பறக்கும்போது பலகையைக் குளிரவைக்கும். ஈரக்காற்று அதில் பனியாகப் படிந்து பூச்சுக்குள் சிக்கும். மறுபடி பால் வெளிறல்! பங்குனி வெயில் காலத்துக் காய்ந்த காலைப்பொழுதுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. இன்னொன்று, கரைத்து நாளான அரக்கை வாங்காதீர்கள். அதிலுள்ள அமிலங்கள் ஸ்பிரிட்டோடே மெல்ல வினைபுரிந்துவிடும். பூசினால் காயாமல் ஒட்டிக்கொண்டே கிடக்கும். செதிலாக வாங்கி முதல் நாள் ராத்திரி ஊறப்போடுவது நல்லது.

மூடியின் உள்பக்கம் பியானோ செய்தவர்களின் பெயர் பொன்னெழுத்தில் இருக்கிறது. ஸ்பிரிட் பட்டால் பூச்சோடு சேர்ந்து அதுவும் கலைந்துவிடும் என்று பயம். அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் வெடிப்போடு அப்படியே விட்டுவிட்டோம்.