ஐட்லர் என்றால் சோம்பேறியா?

லேத் பட்டறையில் ‘ஐட்லர்’ என்றால் யாரும் பொருள் கேட்பதில்லை: இரண்டு பற்சக்கரங்களுக்கு நடுவில் இருந்து ஒன்றின் சுற்றலை மற்றதற்குக் கடத்தும் சக்கரம். தமிழில் எழுத உட்காரும்போதுதான் சிக்கல். அகராதியைப் புரட்டிவிட்டுச் ‘சோம்பேறிச் சக்கரம்’ என்று எழுதத் தோன்றும். அந்தச் சக்கரத்துக்கு அதைவிடப் பெரிய அநியாயம் இல்லை.

20 பல் உள்ள சக்கரம் 60 பல் சக்கரத்தை நேரடியாகச் சுற்றினால் வேகம் மூன்றில் ஒரு பங்காகும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுற்றும். நடுவில் 35 பல் உள்ள ஐட்லரைப் போடுங்கள். வேகம் அதே மூன்றில் ஒரு பங்குதான். 35 கணக்கில் அடிபட்டுப் போகும். திசை மட்டும் மாறும். மேனுவல் கியர் காரில் ரிவர்ஸ் போவது இந்த உபாயத்தால்தான்.

வேகத்தை மாற்றாவிட்டாலும் வேலை குறைவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஐட்லரின் பல் ஒரு பக்கத்தில் தள்ளு வாங்குகிறது, மறுபக்கத்தால் அடுத்த சக்கரத்தைத் தள்ளுகிறது. இப்படி இரண்டு பக்கமும் மாறி மாறி வளைவதால், பல்லின் அடியில் விரிசல் விடும் ஆபத்து இதற்கு அதிகம்.

அப்புறம் ஏன் இந்தப் பெயர்? ‘ஐடில்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பழைய பொருள் சோம்பல் அல்ல, வெறுமை. ஐட்லரின் அச்சும் அப்படித்தான்: சக்கரத்தைத் தாங்குவதோடு சரி, முறுக்குவிசை எதையும் வெளியே கொண்டுபோவதில்லை. தமிழிலும் வேலையில்லாமல் இருப்பவரை ‘வெறுமனே உட்கார்ந்திருக்கிறார்’ என்கிறோமே, அதே தாவல். அந்த வகையில் ‘வெறுஞ்சக்கரம்’ மூலத்துக்கு நெருக்கமானது. ஆனால் பல்லே இல்லாத சக்கரம் என்று படித்துவிடக்கூடும். அதனால் என் ஓட்டு ‘இடைப் பற்சக்கரம்’ என்பதற்கு. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஐட்லர் புல்லிக்கு இது பொருந்தாது. அதை ‘இறுக்கு உருளை’ என்றால் போதும்.

தமிழ்ப் பெயர் தேட வேண்டிய இன்னொரு சக்கரம், சுற்றலை வேறு கோணத்துக்குத் திருப்பும் பெவல் கியர். அதன் கதை சுருக்கமானது. ‘பெவல்’ பிரெஞ்சு வழி வந்தது. வாயைப் பிளப்பது என்ற வேரோடு அதைச் சேர்க்கிறார்கள். தச்சரின் கோணமட்டத்தில் இரண்டு கைகள் வாய்போல விரிவதை நினைத்தால் பொருந்துகிறது. பிறகு சாய்வாகச் சீவிய விளிம்புக்கும் அதே பெயர். கைத்துளைக் கருவியில் கைப்பிடியின் சுற்றலை 90 பாகை திருப்பித் துளையூசிக்குக் கொடுப்பது இந்தச் சக்கர இணைதான். ‘சாய்வுப் பற்சக்கரம்’ என்றால் பல்லைச் சாய்த்து வெட்டிய ஹெலிகல் கியரோடு குழம்பும். இங்கே பல் வெட்டியிருப்பது கூம்பின் மேல். ஆகவே ‘கூம்புப் பற்சக்கரம்’. ஜெர்மானியர் சொல்லும் ‘கேகல்ராட்’ என்பதற்கும் கூம்புச் சக்கரம் என்றே பொருள்.